பந்துக்கு முன்னால் இருக்கும் தரை

கோல்ஃப் கற்க வருகிறவர் கையில் பெரும்பாலான ஆசிரியர்கள் முதலில் கொடுப்பது 7 அயர்ன். நீளத்திலும் முகச் சாய்விலும் அது நடுவில் நிற்கும் கிளப். மிக நீளமான கிளப்பான டிரைவரைப் போலச் சிறு பிழையைப் பெரிதாக்கிக் காட்டாது. அதைக் கொண்டு புதியவர் அடிக்கும் பந்துகளில் சில தரையோடு உருளும். சில அடிகளில் பந்துக்கு ஒரு சாண் பின்னாலேயே கிளப் மண்ணில் புதைந்து, மணிக்கட்டு அதிரும். எப்போதாவது ஒன்று மட்டும் சத்தமே மாறி, உயர எழும்பிப் பறக்கும். அந்த ஒன்று ஏன் பறந்தது, மற்றவை ஏன் பறக்கவில்லை என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது? எத்தனை சொற்களில், எந்த வரிசையில்? அல்லது சொல்லாமலே புரியவைக்க முடியுமா? கடந்த நூறு ஆண்டுகளில் கோல்ஃப் ஆசிரியர்களும் இயற்பியலாளர்களும் உளவியலாளர்களும் இதற்குத் தந்த பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. அந்தப் பதில்களை நாயுடுபேட்டையிலிருந்து தொடங்கும் ஒருவரின் நிலையில் வைத்து எடைபோடுவதே இக்கட்டுரையின் வேலை.

நாயுடுபேட்டையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில், சென்னைக்கு வடக்கே நூறு கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டி இருக்கும் ஊர் அது. நெல்லூர் மாவட்டத்தில் இருந்து, 2022 ஏப்ரல் 4 அன்று உருவான திருப்பதி மாவட்டத்துக்கு வந்தது. சந்திரகிரிப் பக்கம் தோன்றும் சுவர்ணமுகி ஆறு, காளஹஸ்தியைத் தொட்டு இந்த ஊர் வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. ஆண்டின் பெரும்பகுதி அதில் மணல்தான் ஓடும். தெற்கே தடா, சத்தியவேடு பக்கம் ஸ்ரீசிட்டி தொழில்நகரத்தில் இசுசு, கொபெல்கோ போன்ற ஜப்பானிய நிறுவனங்கள் ஆலை வைத்திருக்கின்றன. தெலுங்கும் தமிழும் கலந்து புழங்கும் இந்த எல்லையில், ஜப்பானிய மேலாளரோடு வேலை பார்க்கும் இளம் பொறியாளருக்குக் கோல்ஃப் இனி தொலைவான செய்தி அல்ல. ஆனால் கற்க வேண்டுமென்றால் சாலையில் தெற்கே போக வேண்டும். சென்னையில் நந்தனத்தில் காஸ்மோபாலிட்டன் கிளப்பின் திடல் இருக்கிறது. 1884இல் தொடங்கிய மெட்ராஸ் ஜிம்கானா கிளப்பின் திடல் கிண்டி குதிரைப்பந்தய மைதானத்துக்குள் அமைந்தது. அந்த மைதானத்தின் குத்தகையை ரத்து செய்து தமிழ்நாடு அரசு 2024 செப்டம்பரில் நிலத்தைக் கையகப்படுத்தியபோது, உள்ளே இருந்த கோல்ஃப் திடலின் எதிர்காலமும் கேள்விக்குள்ளானது. வாசலில் திடல் இல்லாதவருக்குக் கோல்ஃப் கற்பிப்பது என்பது, நம் நாட்டில் கோல்ஃப் கற்க நினைக்கும் பெரும்பாலானோருக்குக் கற்பிப்பதுதான்.

முதலில், அயர்ன் என்ன செய்கிறது என்று பார்ப்போம். இலக்கு இருக்கும் பக்கத்தை முன் என்றும், அதற்கு எதிர்ப்பக்கத்தைப் பின் என்றும் கொள்வோம். 7 அயர்னின் முகம் மாடலைப் பொறுத்து 28 முதல் 34 டிகிரி வரை மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். பந்தை உயர்த்தும் வேலையை அந்தச் சாய்வே செய்துவிடும். ஆடுபவர் தூக்க வேண்டியதில்லை. கிளப் முகமும் பந்தும் ஒட்டியிருக்கும் நேரம் ஒரு நொடியில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. மோதலின் அதிர்வு கை வழியே மூளைக்குப் போய்ச் சேர்வதற்குள் பந்து முகத்தை விட்டுப் போயிருக்கும். ஆகவே அந்தக் கணத்தில் எதையும் திருத்த முடியாது. திருத்தக்கூடியது கிளப் வந்து சேரும் வழியை மட்டுமே.

அந்த வழி ஒரு வளைவு. வளைவின் மிகத் தாழ்ந்த புள்ளி எங்கே விழுகிறது என்பதில்தான் அயர்ன் ஆட்டத்தின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. தேர்ந்த ஆட்டக்காரரின் கிளப் முதலில் பந்தைத் தொடும், பிறகே தரையைச் சீவும். புல் பெயர்ந்த தடம், அதாவது டிவட், பந்து இருந்த இடத்துக்கு முன்னால் தொடங்கும். டிராக்மேன் ரேடார் நிறுவனம் நீண்டகாலம் வெளியிட்டுவந்த சராசரி அட்டவணையில், அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூரில் ஆடும் ஆண்களின் 7 அயர்ன் 4.3 டிகிரி கீழ்நோக்கி இறங்கும்போது பந்தைச் சந்திக்கிறது. புதியவர் இதற்கு நேர்மாறாகச் செய்வார். பந்து மேலே போக வேண்டும் என்ற ஆசையில் உடல் பின்னால் சாயும், எடை பின்காலில் தங்கும், கை பந்தை அள்ளப் பார்க்கும். தாழ்ந்த புள்ளி பந்துக்குப் பின்னால் போய்விடும். அப்போது ஒன்று கிளப் மண்ணில் குத்தும், இல்லையேல் வளைவு மேலேறும் கட்டத்தில் கிளப்பின் விளிம்பு பந்தின் உச்சியில் இடித்துப் பந்து உருளும். மண்ணில் குத்துவதும் உச்சியில் இடிப்பதும் எதிரெதிர்த் தவறுகள் போலத் தெரிந்தாலும் இரண்டுக்கும் வேர் ஒன்றே. இதைப் புரியாத ஆசிரியர், உருண்டால் தலையைத் தூக்காதே என்பார், குத்தினால் அவ்வளவு கீழே போகாதே என்பார். மாணவர் இரண்டுக்கும் நடுவில் தவிப்பார்.

புதியவருக்கு அயர்ன் கற்பிப்பது என்றால், பந்துக்கு முன்னால் இருக்கும் தரையைக் கிளப் தொடக் கற்பிப்பதுதான். பிடி, நிலை, இடுப்புத் திருப்பம் எல்லாம் அதற்குத் துணை. இது என் முடிவு. இதற்கு எதிரான வாதங்களும் வலுவானவையே.

முதல் எதிர்வாதம் பென் ஹோகனுடையது. 1957இல் வெளிவந்த அவருடைய ஐந்து பாடங்கள் நூல் இன்றும் கோல்ஃப் கற்பித்தலின் அடித்தளமாகக் கருதப்படுகிறது. அது பிடியில் தொடங்கி, நிலைக்குப் போய், கிளப்பை வீசும் அசைவான ஸ்விங்கின் இரண்டு பாதிகளை எடுத்துக்கொள்கிறது. எந்த விரல் எங்கே, முழங்கை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், இடுப்பு எப்போது திரும்ப வேண்டும் என்று உடலின் ஒவ்வொரு பகுதிக்கும் அதில் இடம் உண்டு. அந்தோணி ராவியெல்லி வரைந்த படங்கள் அந்த உடலைக் கண்முன் நிறுத்துகின்றன. உடலைச் சரியாக அடுக்கினால் பந்து தானே சரியாகப் போகும் என்பது அதன் நம்பிக்கை. ஆட்டத்தை ஓரளவு அறிந்தவருக்கு அது பொக்கிஷம். ஆனால் முதல் வாரத்தில் இருப்பவர் அதைப் படித்துவிட்டுப் பந்தின் முன் நின்றால், நினைவில் கொள்ள வேண்டியவை இருபதைத் தாண்டும். பின்னிழுப்பு தொடங்கி மோதல் வரை முழு ஸ்விங்குக்கு ஆகும் நேரமோ ஏறத்தாழ ஒரு நொடி.

எர்னஸ்ட் ஜோன்ஸ் எதிர்த்திசையில் போனவர். முதல் உலகப் போரில் ஒரு காலை இழந்த ஆங்கிலேய ஆட்டக்காரர். காலில்லாமலும் நன்றாக ஆட முடிவதைக் கண்டபின், உடலின் உறுப்புகளைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். அமெரிக்காவுக்குப் போய் ஆசிரியரானவர், கைக்குட்டையின் முனையில் பேனாக்கத்தியைக் கட்டி ஆட்டிக் காட்டுவார். கத்தி சீராக ஊசலாடுவதைக் கை உணர்ந்துவிட்டால் போதும், கிளப்பின் தலையும் அப்படித்தான் என்பார். 1937இல் வந்த அவருடைய நூலின் சாரமும் அதுதான். தலைமுறைகள் கடந்து, மைக் பென்னட்டும் ஆண்டி பிளம்மரும் ஸ்டாக் அண்ட் டில்ட் என்ற முறையை முன்வைத்தபோது வாதம் வேறு பக்கம் திரும்பியது. பின்னிழுக்கும்போது எடையைப் பின்காலுக்கு மாற்ற வேண்டும் என்ற பழைய பாடத்தை அவர்கள் மறுத்தார்கள். எடை முன்காலிலேயே இருந்தால் தாழ்ந்த புள்ளி தானாகப் பந்துக்கு முன்னால் விழும் என்றார்கள். முழு ஆட்டத்துக்கும் அந்த முறை எல்லோருக்கும் பொருந்துமா என்பதில் ஆசிரியர்கள் இன்னும் பிரிந்தே நிற்கிறார்கள். டிரைவரில் அது சிலருக்குச் சிக்கலைத் தருகிறது. ஆனால் புதியவரின் அரை ஸ்விங் அயர்னுக்கு அதன் மையக்கருத்து மிகப் பயனுள்ளது என்றே நினைக்கிறேன். எடையை முன்காலில் சற்றுக் கூடுதலாக வைத்துத் தொடங்கச் சொன்னால், மண்ணில் குத்தும் பந்துகளில் பல உடனே குறைந்துவிடும்.

பந்து எந்தத் திசையில் போகிறது என்பதிலும் பழைய பாடம் ஒன்று பிழையாகவே நெடுங்காலம் சொல்லித்தரப்பட்டது. கிளப் செல்லும் பாதையில் பந்து கிளம்பும், முகம் பார்க்கும் பக்கம் வளையும் என்பார்கள். கோல்ஃப் சொசைட்டி ஆஃப் கிரேட் பிரிட்டன் ஆதரவில் நடந்த ஆய்வை வைத்து அலஸ்டர் காக்ரனும் ஜான் ஸ்டாப்ஸும் 1968இல் எழுதிய நூலும், பின்னர் 1990களில் நெப்ராஸ்கா பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் தியோடர் ஜார்கென்சன் எழுதிய நூலும் வேறு படத்தைத் தந்தன. ரேடார் கருவிகள் வந்தபின் ஐயமே இல்லாமல் போயிற்று. அயர்னில் பந்து கிளம்பும் திசையில் ஏறத்தாழ முக்கால் பங்கை முகமே தீர்மானிக்கிறது. முகத்துக்கும் பாதைக்கும் உள்ள இடைவெளி பந்தை வளைக்கிறது. வலக்கை ஆட்டக்காரரின் பந்து வலப்பக்கம் கிளம்பி மேலும் வலப்பக்கம் வளைவதைக் கண்டால், பழைய பாடம் படித்த ஆசிரியர் பாதையைத் திருத்தப் புறப்படுவார். உண்மையில் திறந்திருப்பது, அதாவது வலப்பக்கம் திரும்பியிருப்பது, முகம்; முகத்தைத் திறந்துவைத்திருப்பது அனேகமாகப் பிடி. இடக்கையில் கிளப்பை உள்ளங்கைக்குக் குறுக்காக வைக்காமல் விரல்களின் அடியில் வைத்து, மேலிருந்து பார்த்தால் இரண்டு விரல்கணுக்கள் தெரியும்படி பிடிக்கச் சொன்னாலே போதும். பல புதியவர்களுக்கு வலப்பக்க வளைவு பாதியாகக் குறையும். உடலைப் பற்றிய எச்சரிக்கைகளைக் குறைக்கச் சொல்லும் நானும் பிடியில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். தொடக்கத்தில் பழகிய தவறான பிடியைப் பின்னாளில் மாற்றுவது மிகக் கடினம், மாற்றும் ஒவ்வொரு நாளும் ஆட்டம் சரிந்தபடியே இருக்கும்.

இனி உளவியலாளர்கள். கேப்ரியேலே வுல்ஃபும் உடன் ஆய்வாளர்களும் 1999இல் வெளியிட்ட ஆய்வு, கோல்ஃபே ஆடாதவர்களுக்குப் பிட்ச் ஷாட் என்ற குறுந்தூர அடியைக் கற்பித்தது. ஒரு குழுவிடம் கைகளின் அசைவைக் கவனிக்கச் சொன்னார்கள், மற்றொரு குழுவிடம் கிளப்பின் அசைவை. கிளப்பைக் கவனித்தவர்கள் பயிற்சியிலும், பின்னர் அறிவுரை இல்லாமல் நடந்த சோதனையிலும் மேலாக ஆடினார்கள். உடலை விட்டு வெளியே இருக்கும் விளைவில் கவனத்தை வைப்பது நல்லது என்ற இந்தக் கருத்து அதன்பின் நூற்றுக்கணக்கான ஆய்வுகளாகப் பெருகியது. 2021இல் சைக்கலாஜிகல் புல்லட்டினில் வந்த தொகுப்பாய்வு அதை உறுதிசெய்தது. 2024இல் அதே இதழில் பிராட் மெக்கேயும் குழுவினரும் அதே ஆய்வுக் களத்தை மறுபடி அலசி, வெற்றிபெற்ற ஆய்வுகளே அதிகம் அச்சேறியதால் பயன் மிகைப்பட்டுத் தெரிகிறது என்று வாதிட்டார்கள். ஆகவே இதை முடிந்துபோன வழக்காகச் சொல்ல முடியாது. ஆனாலும் களத்தில் இதைப் பின்பற்றுவதில் இழப்பு ஏதும் இல்லை. “இடுப்பைத் திருப்பு” என்பதைவிட “பந்துக்கு முன்னால் உள்ள புல்லைச் சீவு” என்பது குறைந்தபட்சம் எளிது. செய்தாரா இல்லையா என்பதை மாணவரே குனிந்து பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

ரிச் மாஸ்டர்ஸ் 1992இல் காட்டியதும் இதனோடு சேர்வது. குழியை நோக்கிப் பந்தை உருட்டும் பட்டிங்கை விதிகளாகக் கற்றவர்கள், மன அழுத்தம் ஏற்றப்பட்டபோது தடுமாறினார்கள். விதி தெரியாமல் கற்றவர்கள் அவ்வளவு தடுமாறவில்லை. பின்னர் 2001இல் மேக்ஸ்வெல், மாஸ்டர்ஸ் குழுவினர், குழிக்கு மிக அருகில் தொடங்கி மெல்லத் தூரத்தைக் கூட்டியவர்களின் கற்றல் உறுதியாக நின்றதைக் கண்டார்கள். இவை பட்டிங் ஆய்வுகள், அயர்னுக்கு அப்படியே பெயர்த்துவைக்க முடியாது. ஆனால் டெக்ஸஸில் வாழ்நாள் முழுதும் கற்பித்த ஹார்வி பெனிக், எந்த ஆய்வகமும் இல்லாமல், குழியிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி, முதல் அடி தொடங்கும் டீயை நோக்கிப் போய்க் கற்க வேண்டும் என்று அறிவுறுத்தியது இதோடு ஒத்துப்போகிறது. 7 அயர்னைக் கையில் கொடுத்ததும் முழு ஸ்விங் அடிக்கவைப்பது, பார்ப்பவருக்குக் கோல்ஃப் போலத் தெரியும் என்பதற்காகச் செய்யப்படும் காரியம். இடுப்பு உயரத்திலிருந்து இடுப்பு உயரம் வரை போகும் அரை ஸ்விங்கில் பந்து எழும்பத் தொடங்கிய பிறகே கையை மேலே உயர்த்த விட வேண்டும்.

திருத்தங்களை எவ்வளவு அடிக்கடி சொல்வது என்பது தனிக் கேள்வி. ஒவ்வொரு முயற்சிக்கும் பின் திருத்தம் சொன்னால் அந்த நேரத்தில் முன்னேற்றம் தெரியும், ஆனால் திருத்தம் நின்றதும் கற்றது கலையும் என்று சால்மோனி, ஷ்மிட், வால்டர் மூவரும் 1984இலேயே எச்சரித்தார்கள். குவாதக்னோலி குழுவினர் 2002இல் 7 அயர்னைக் கொண்டே நடத்திய ஆய்வில், தானாகப் பயின்றவர்கள், வாய்மொழியாகக் கற்றவர்கள், வீடியோ பார்த்துக் கற்றவர்கள் என்று மூன்று குழுக்கள். பயிற்சி முடிந்த உடனே நடந்த சோதனையில், கற்பிக்கப்பட்ட இரு குழுக்களும் தானாகப் பயின்றவர்களைவிடப் பின்தங்கின. இரண்டு வாரம் கழித்து நடந்த சோதனையில் அவையே முன்னால் போயின. வீடியோ குழு எல்லாரையும் மிஞ்சியது. அதில் கலந்துகொண்டவர்கள் ஏற்கெனவே ஆடத் தெரிந்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது. இருந்தாலும் ஆசிரியருக்கு அதில் இருக்கும் செய்தி முக்கியமானது. இன்றைய பாடத்தின் பலனை இன்று மாலையே எதிர்பார்க்கக் கூடாது. வகுப்பு முடிந்த அன்றே மோசமாக அடித்த மாணவர் மறுநாள் வேறு ஆசிரியரைத் தேடினால், அல்லது கைபேசியில் வேறு பாடத்தைத் தேடினால், முதல் பாடம் வேலை செய்ய வேண்டிய நாட்களை அவரே அழித்துவிடுகிறார். ஒவ்வொரு அடியையும் கைபேசியில் படம்பிடித்து உடனே பார்க்கும் இப்போதைய வழக்கத்தையும் இதே காரணத்துக்காக நான் ஏற்பதில்லை. வாரம் ஒரு முறை, பக்கவாட்டிலிருந்து ஒன்றும் எதிரிலிருந்து ஒன்றுமாக எடுத்துப் பார்த்தால் போதுமானது.

இந்தியப் புதியவர் ஒருவர் வெறுங்கையோடு வருவதில்லை, கிரிக்கெட்டோடு வருகிறார். கோல்ஃப் நூல்கள் எதிலும் இது சரியாகப் பேசப்படவில்லை. நாயுடுபேட்டைப் பள்ளி மைதானத்தில் மட்டை பிடித்து வளர்ந்த கைக்கு, பந்தைத் தூக்கி அடிக்க வேண்டும் என்றதும் பின்காலில் சாய்ந்து கீழ்க்கையால் அள்ளும் பழக்கம் உடனே வரும். சிக்ஸர் அடித்த கை அது. அயர்னுக்கு அதுவே பகை. ஆனால் அதே கைக்கு முன்காலில் போய், தலையைப் பந்துக்கு மேல் வைத்து, தரையோடு ஆடும் டிரைவும் தெரியும். அயர்னுக்கு வேண்டிய எடை மாற்றம் அதில் முழுதாக இருக்கிறது. புதியவரிடம் எடையைப் பற்றி எதுவும் விளக்காமல், கவர் டிரைவ் ஆடி முடித்த நிலையில் எந்தக் காலில் நிற்பாய் என்று கேட்டால் போதும். உடல் தானே பதில் சொல்லும். கபில் தேவ் ஓய்வுக்குப் பின் கோல்ஃபில் தீவிரமாக ஈடுபட்டு, 2024இல் இந்தியத் தொழில்முறை கோல்ஃப் அமைப்பான பிஜிடிஐயின் தலைவரும் ஆனார். இரண்டு ஆட்டத்துக்கும் இடையிலுள்ள இந்தப் பாலத்தை நம் ஆசிரியர்கள் இன்னும் துணிந்து பயன்படுத்த வேண்டும்.

நம் கோல்ஃபின் பெரிய கற்றல் கதைகள் பாடநூலுக்கு வெளியே நடந்தவை. 1991இல் இந்தியன் ஓப்பனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேர், டெல்லியில் ஆட்டக்காரர்களின் பையைச் சுமக்கும் கேடிகள் குடும்பத்திலிருந்து வந்தவர். எஸ்.எஸ்.பி. சௌரசியாவின் தந்தை ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல் பராமரிப்பவர். மகன் அந்தத் திடலில் பார்த்துப் பார்த்தே கற்று, 2016இலும் 2017இலும் இந்தியன் ஓப்பனை வென்றார். 2009இல் அதே பட்டத்தை வென்ற சி. முனியப்பா பெங்களூரில் கேடியாக இருந்தவர். உலகளவில் பார்த்தால், ஸ்பெயின் நாட்டு செவே பாலஸ்டெரோஸ் சிறுவனாக இருந்தபோது அண்ணன் கொடுத்த ஒற்றை 3 அயர்னை வைத்துக் கடற்கரை மணலில் அடித்துப் பழகி, ஐந்து மேஜர் பட்டங்கள் வரை போனார். இவர்களின் வறுமையைக் கற்பித்தல் முறையாகப் புகழ்வது அநியாயம். பல கிளப்புகளில் வார விடுமுறை நாளில் மட்டுமே கேடிகள் ஆடலாம் என்ற நிலையில், எத்தனை திறமைகள் வெளியே வராமல் போயிருக்கும் என்பதையும் நினைக்க வேண்டும். ஆனால் அந்தச் சூழலில் மூன்று நன்மைகள் இருந்தன: ஒரே கிளப், நிஜத் தரை, நல்ல ஸ்விங்கை ஓயாமல் பார்க்கும் வாய்ப்பு. நல்ல கேடி ஒரு வாரத்துக்கு ஒரு குறைதான் சொல்வார். பயிற்றுநர்களுக்குச் சான்றிதழ் தர இந்தியன் கோல்ஃப் யூனியன் நடத்தும் நேஷனல் கோல்ஃப் அகாடமி இருக்கிறது. அதன் வழியே வரும் ஆசிரியர்கள் கேடிகளின் இந்தச் சிக்கனத்தைக் கற்றுக்கொண்டால் நம் மாணவர்களுக்கு நல்லது.

நிஜத் தரை என்று சொன்னேன். நகரத்து டிரைவிங் ரேஞ்சுகளில் பெரும்பாலும் ரப்பர் அடியில் செயற்கைப் புல் விரிப்பு இருக்கும். அதில் பந்துக்குப் பின்னால் கிளப் விழுந்தாலும் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை அடித்துவிடும், பந்தும் ஓரளவு பறக்கும். மாணவர் நன்றாக அடித்ததாக எண்ணுவார். திடலுக்குப் போன நாளில் அதே ஸ்விங் மண்ணில் புதையும். விரிப்பு பொய் சொல்லும் ஆசிரியர். கடினமான விரிப்பில் ஓயாமல் அடித்தால் மணிக்கட்டும் முழங்கையும் வலிக்கும். கோல்ஃப் ஆடுபவர்களுக்கு மிக அதிகமாக வரும் காயம் கீழ்முதுகுடையது, அதையும் புதியவர் தொடக்கத்திலிருந்தே எண்ணிப்பார்க்க வேண்டும். பந்துகளை வாளி வாளியாக அடிப்பது பயிற்சி அல்ல.

இதனால்தான் நாயுடுபேட்டைக்காரரின் குறையை நான் முழுக் குறையாகப் பார்க்கவில்லை. ஆற்று மணலில், ஆடு மாடும் ஆட்களும் நடமாடாத இடத்தில், கிளப்பின் முனையால் இலக்குக்குக் குறுக்காக ஒரு கோடு கிழித்துக்கொள்ளலாம். பந்து வேண்டியதில்லை. கோட்டை இரண்டு கால்களுக்கு நடுவில் வைத்து நின்று, எடையை முன்காலில் சற்று ஏற்றி, அரை ஸ்விங் ஆட வேண்டும். கிளப் மணலில் இட்ட தடம் கோட்டிலோ அதற்கு முன்னாலோ தொடங்கினால் சரி, பின்னால் தொடங்கினால் தவறு. வேறு யாரும் சொல்ல வேண்டாம். காய்ந்த மணல் மென்மையானது, தவறினாலும் மணிக்கட்டை வருத்தாது. மணல் எந்தத் தவறையும் மறைக்காது. கோட்டில் ஐந்தாறு முறை தொடர்ந்து தடம் முன்னால் விழுந்தபின், பஞ்சுப் பந்தை வைக்கலாம். அசல் கோல்ஃப் பந்து 45.93 கிராம் வரை எடையுள்ள கல் போன்ற பொருள். அதைத் திறந்தவெளியில் ஆட்கள் இருக்கும் பக்கம் அடிப்பது மன்னிக்க முடியாத காரியம். அசல் பந்தை வலைக்குள் அடிக்கலாம், அல்லது சென்னை ரேஞ்சுக்குப் போகும் நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

பந்து வந்தபின் இரண்டு சிறு உதவிகள் போதும். பந்துக்கு ஒரு சாண் பின்னால் மடித்த துண்டை வைத்தால், பின்னால் இறங்கும் கிளப் துண்டில் சிக்கும். பந்தின் பின்புறத்தில் வெள்ளைப்பலகை மார்க்கரால் ஒரு புள்ளி வைத்தால், முகத்தில் எந்த இடத்தில் பட்டது என்று மை அச்சாகத் தெரியும். குதிகால் பக்கம் படுகிறதென்றால் பந்துக்கு மிக நெருங்கி நிற்கிறார், நுனிப் பக்கம் என்றால் எட்ட நிற்கிறார், அல்லது மோதும் நேரத்தில் கையை இழுத்துக்கொள்கிறார். பந்தைத் தொடக்கத்தில் டீ எனப்படும் சிறு முளையில் தாழ்வாக வைப்பது இழிவென்று நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. முதல் சில நாட்களுக்கு டீயில் வைத்துப் பறக்கவிட்டு, பிறகு டீயைத் தரையோடு தரையாக அழுத்தி, கடைசியில் எடுத்துவிட வேண்டும். ஒருமுறையேனும் பந்து சரியாகப் பறப்பதைத் தன் கையால் உணர்ந்தவர்தான் அடுத்த வாரமும் வருவார்.

பழகும் வரிசை பற்றியும் கருத்து வேறுபாடு உண்டு. ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதைவிட, செயல்களை மாற்றி மாற்றிச் செய்தால் கற்றல் நீடிக்கும் என்று ஷேயும் மார்கனும் 1979இல் காட்டினார்கள். அதை வைத்து முதல் நாளிலிருந்தே கிளப்பை மாற்றச் சொல்பவர்கள் உண்டு. முற்றிலும் புதியவருக்கு அது பொருந்தாது என்பதே என் கணிப்பு. தடம் எங்கே விழும் என்பதில் ஓர் உறுதி வரும்வரை ஒரே கிளப், ஒரே அரை ஸ்விங். உறுதி வந்ததும் நிலைமை தலைகீழாக வேண்டும். ஒவ்வொரு பந்துக்கும் இலக்கை மாற்ற வேண்டும், 9 அயர்னையும் 7 அயர்னையும் மாற்றி மாற்றி எடுக்க வேண்டும். திடலில் யாரும் ஒரே இடத்திலிருந்து இருபது முறை அடிப்பதில்லை.

கிளப்பைப் பற்றிச் சுருக்கமாக. பிங் நிறுவனத்தின் கார்ஸ்டன் சோல்ஹைம் எடையை முகத்தின் ஓரங்களுக்குப் பகிர்ந்த பிறகு, மையத்தில் படாத அடியும் ஓரளவு நேராகப் போகத் தொடங்கியது. புதியவருக்குப் பின்புறம் குழிவாக்கப்பட்ட அத்தகைய அயர்ன்களே ஏற்றவை, பழையதாக வாங்கினாலும் குறைவில்லை. 14 கிளப் வரை பையில் வைக்க விதி அனுமதிக்கிறது. முதல் ஆண்டுக்கு ஒரு 7 அயர்ன், ஒரு வெட்ஜ், ஒரு பட்டர் இருந்தால் போதும். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் வீட்டில் இருக்கும் ஆண்களின் நீளமான, கனமான கிளப்பைக் கொடுப்பது தவறு. ஆண் ஆட்டக்காரர்களைப் போல ஆழமாக மண்ணை வெட்டு என்று பெண்களுக்குச் சொல்வதும் தவறு. அதே டிராக்மேன் அட்டவணையில் எல்பிஜிஏ பெண்களின் 7 அயர்ன் 2.3 டிகிரிதான் கீழ்நோக்கி வருகிறது. அவர்களின் டிவட் மெல்லியது, பந்து 141 கஜம் பறக்கிறது, ஆண்களுடையது 172. பெங்களூரின் அதிதி அசோக் டோக்கியோ ஒலிம்பிக்கில் 4ஆம் இடம் வந்தபோது அவருடன் போட்டியிட்ட பலர் அவரைவிட வெகுதூரம் அடிப்பவர்கள். தடம் முன்னால் விழ வேண்டும் என்பதே பாடம், ஆழமாக விழ வேண்டும் என்பதல்ல.

இவ்வளவு கவனம் அயர்னுக்குத் தேவையா என்று கேட்பவர்களுக்குக் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி பதில் தந்திருக்கிறார். பிஜிஏ டூரின் முன்னணி ஆட்டக்காரர்கள் மற்றவர்களைவிட எங்கே மேலோங்குகிறார்கள் என்று ஒவ்வொரு அடியையும் கணக்கிட்டு 2014இல் நூலாக வெளியிட்டார். அந்த மேன்மையில் ஏறத்தாழ 40 விழுக்காடு, குழியின் பக்கம் பந்தைக் கொண்டுசேர்க்கப் பெரும்பாலும் அயர்னால் ஆடும் அப்ரோச் ஷாட்களிலிருந்து வந்தது. பட்டிங்கின் பங்கு 15 விழுக்காடு. புதியவரின் கணக்கு வேறாக இருக்கும். உருண்டோடும் அயர்ன்களால் அவர் இழக்கும் அடிகள் இன்னும் அதிகம்.

திருப்பதி மாவட்டத்தில் கல்லூரிகளுக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் விளையாட்டு நிலம் இருக்கிறது. அதில் 18 குழித் திடல் கேட்க வேண்டாம். அவ்வளவு புல்லுக்கு ஊற்றும் தண்ணீர் இந்த வறண்ட பகுதியில் நியாயப்படுத்த முடியாதது. ஒரு கிரிக்கெட் வலைப்பயிற்சிக் கூண்டு அளவுக்கு இடம், அதில் மூன்று மீட்டர் அகலப் பெர்முடா புல் பட்டை, பக்கத்தில் மணல் பட்டை ஒன்று, முன்னால் உறுதியான வலை, கடனாகக் கொடுக்க நாலைந்து பழைய 7 அயர்ன், சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ மாதம் இருமுறை வந்துபோகும் சான்றிதழ் பெற்ற ஓர் ஆசிரியர் இருந்தால் போதும். கோடையில் காலை ஏழு மணிக்குள் முடித்துக்கொள்ளலாம். வடகிழக்குப் பருவமழை முடிந்த தை, மாசி மாதங்களில் மண் இளகி, புல் பிடித்திருக்கும். இங்கே தொடங்குவதற்கு அதுவே சரியான காலம்.